ஆபிஸ் சேட்ல படம் தெரியலையா? ஆப்ப அழிக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க

பட்டர்வொர்த் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பனில கம்ப்யூட்டர், வைஃபை, பிரிண்டர் எல்லாம் பாத்துக்கற வேல எனக்கு. எங்க லோரி டிரைவருங்க சரக்க எறக்கின ஒடனே டி.ஓ (டெலிவரி ஆர்டர்) பேப்பர்ல கஸ்டமர் கையெழுத்தும் சாப்பும் (ரப்பர் முத்திர) வாங்கி, அத ஹேண்ட்போன்ல ஒரு படம் எடுத்து ஆபிஸ் சேட் குரூப்ல போட்டுடுவாங்க. அந்த படத்த பாத்துதான் அக்கவுண்ட்ஸ்ல இருக்கற அக்கா இன்வாய்ஸ் போடுவாங்க. படம் இல்லன்னா இன்வாய்ஸ் இல்ல, இன்வாய்ஸ் இல்லன்னா மாசக் கடைசில காசு வராது, அவ்ளோதான் கணக்கு.

ஒரு நாள் பாயான் லெப்பாஸ்ல சரக்கு எறக்குன ஒரு அண்ணன் போட்ட படம் அக்காவோட ஸ்கிரீன்ல வெறும் சாம்பல் கலர் கட்டமா நின்னுச்சு. மறுபடி அனுப்புங்க அண்ணேன்னாங்க, அனுப்புனாரு, அதே கட்டம். இன்னொரு தடவ, அதே கட்டம். பாஸுக்கு ஃபோன் போட்டா "எனக்கு நல்லா தெரியுதே, உங்க கம்ப்யூட்டர்தான் பிரச்சன" ன்னுட்டாரு. நானும் அத நம்பி அக்கா கம்ப்யூட்டர்ல ஆப்ப அழிச்சி மறுபடி போட்டேன், கேஷ் (ஆப் வேகத்துக்காக தனக்குள்ள சேத்து வச்சிருக்கற பழைய காப்பிங்க) கிளியர் பண்ணேன், ரெண்டு மணி நேரம் போச்சு, கட்டம் போகல. அந்த அண்ணன் அதுக்குள்ள ஏழெட்டு தடவ அனுப்பி அவரு சொந்த டேட்டாவ தீத்துட்டாரு, அது எனக்கு இன்னிக்கும் மனசுக்கு கஷ்டமாதான் இருக்கு. பிரச்சன அக்கா கம்ப்யூட்டர்ல இல்லவே இல்ல. எங்க இருந்துச்சுன்னு கீழ சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சிக்கிட்டா இந்த மாதிரி கேஸுல பாதி தானா தீந்துடும்.

சேட்ல நீங்க டைப் பண்ற எழுத்தும் நீங்க அனுப்பற படமும் ஒரே வழியா வர்றதில்ல. எழுத்து மெசேஜுக்குள்ளயே இருக்கு, மெசேஜ் வந்தா எழுத்தும் வந்துடுச்சு. படம் அப்படி இல்ல, மொதல்ல அது அனுப்புனவரு ஹேண்ட்போன்ல இருந்து ஒரு சேர்வருக்கு, அதாவது எல்லாருக்கும் படத்த வச்சி குடுக்கற ஒரு கம்ப்யூட்டருக்கு, ஏறணும், மெசேஜ்ல அந்த படம் எங்க இருக்குங்கற விலாசம் மட்டும்தான் வரும், அப்புறம் உங்க ஆப் அந்த விலாசத்த தேடி தனியா ஒரு தடவ போயி படத்த எடுத்துட்டு வரணும், எடுத்துட்டு வந்தத பிரிச்சி ஸ்கிரீன்ல வரையணும். பல ஆப்ல அந்த படம் இருக்கற சேர்வரோட பேரே வேற. அதனாலதான் "எழுத்து எல்லாம் வருது, அப்ப லைன் நல்லாதானே இருக்கு" ங்கற பேச்சு இங்க செல்லாது. ஏறுற வழி, இருக்கற எடம், எறங்கற வழி, வரையற மிஷின், இந்த நாலுல எது ஒண்ணு கெட்டாலும் உங்களுக்கு தெரியறது அதே சாம்பல் கட்டம்தான்.

அதனால கைய வைக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய மொத கேள்வி, யாருக்கு தெரியல? மூணு பேர்கிட்ட கேளுங்க. அனுப்புனவருக்கே அவரு ஸ்கிரீன்ல முழுசா ஏறி இருக்கா, இல்ல இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா. உங்க பக்கத்து மேசைல, அதே ஆபிஸ் வைஃபைல இருக்கறவங்களுக்கு தெரியுதா. ஆபிஸுக்கு வெளிய, வீட்லயோ ரோட்லயோ சொந்த டேட்டால இருக்கற ஒருத்தருக்கு தெரியுதா. உங்களுக்கு மட்டும் தெரியலன்னா உங்க மிஷின். ஆபிஸ்ல யாருக்குமே தெரியல, வெளிய தெரியுதுன்னா ஆபிஸ் நெட்வொர்க். எங்கயுமே யாருக்குமே தெரியலன்னா அந்த படமோ சேர்வரோதான். கேக்கும்போது அவங்க எதுல பாக்கறாங்கன்னும் சேத்து கேளுங்க, ஐஃபோனா, ஆண்ட்ராய்டா, விண்டோஸா. இத நான் அன்னிக்கு கேக்காம விட்டதுதான் அந்த ரெண்டு மணி நேரம்.

உங்களுக்கு மட்டும்தான் தெரியலன்னா, மொதல்ல ஆப்ப விட்டுட்டு வழிய மாத்தி பாருங்க. ஹேண்ட்போன் ஹாட்ஸ்பாட்ட ஆன் பண்ணி கம்ப்யூட்டர அதுல கனெக்ட் பண்ணி அதே மெசேஜ திறங்க. படம் வந்துடுச்சுன்னா உங்க ஆப்ல கோளாறு இல்ல, ஒரு நிமிஷத்துல அது தெரிஞ்சிடும். வரலன்னா அதே சேட்ட பிரவுசர்ல திறந்து பாருங்க, ஸ்லேக், டீம்ஸ், வாட்ஸ்அப் மூணுக்கும் பிரவுசர்ல ஓடற வடிவம் இருக்கு. பிரவுசர்ல வந்து ஆப்ல வரலன்னா அப்பதான் கேஷ் மேல சந்தேகப்படணும்.

கேஷ் கிளியர் பண்றது ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி. ஸ்லேக் டெஸ்க்டாப்ல ஹெல்ப் மெனு, அதுக்குள்ள டிரபிள்ஷூட்டிங், அதுல கிளியர் கேஷ் அண்ட் ரீஸ்டார்ட். மெசேஜ் எதுவும் அழியாது, பயப்பட வேணாம். புது டீம்ஸ்னா விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போயி மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பக்கத்துல இருக்கற மூணு புள்ளிய தட்டி அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் உள்ள ரீசெட், திரும்ப லாகின் கேக்கும். பிரவுசர்ல இருந்தா கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூணையும் சேத்து அமுக்குனா பழசு எதையும் வச்சிக்காம பக்கத்த புதுசா எடுக்கும். வாட்ஸ்அப்ப மட்டும் தயவு செஞ்சி அவசரத்துல அழிச்சிடாதீங்க, பேக்கப் எடுக்காம அழிச்சா ஹேண்ட்போன்ல இருந்த பழைய சேட் போயிடும், அதுல எத்தன டி.ஓ படம் இருக்கோ.

சில நேரம் கோளாறே இல்ல, செட்டிங்தான். ஸ்லேக்ல பிரிஃபரன்ஸஸ் உள்ள படத்த மெசேஜுக்குள்ளயே காட்டு, காட்டாதன்னு ஒரு டிக் இருக்கு, 2 எம்பிக்கு மேல இருக்கற வெளிப் படத்துக்கு தனியா இன்னொரு டிக் இருக்கு. நீங்க தெரியாம ஸ்லாஷ் போட்டு கொலாப்ஸ்னு அடிச்சிட்டாலும் அந்த சேனல்ல இருக்கற படம் எல்லாம் உங்களுக்கு மட்டும் மடங்கிடும், ஸ்லாஷ் எக்ஸ்பேண்ட்னு அடிச்சா திரும்ப விரியும். வாட்ஸ்அப்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா உள்ள மீடியா ஆட்டோ டவுன்லோட்னு ஒண்ணு இருக்கு, மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூணுக்கும் தனித்தனி. ரோமிங்ல எதையும் எடுக்காதங்கறதுதான் அதுவா வர்ற செட்டிங், அதனால எல்லைல இருக்கற புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டி தாய்லாந்துல ஹாட்யாய் போற டிரைவர் ஹேண்ட்போன்ல படம் மங்கலா, நடுவுல ஒரு அம்புக்குறியோட நின்னா அது கெட்டுப் போகல, தட்டுனா வந்துடும். ஆண்ட்ராய்டுல டேட்டா சேவர் ஆன்ல இருந்தாலும் இதே மாதிரி ஆகும்.

ஹேண்ட்போன்ல எடம் இருக்கான்னும் பாருங்க. இத யாரும் நெனைக்கறதே இல்ல. எங்க ஸ்டோர்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற ஒரு தம்பிக்கு மூணு நாளா எந்த படமும் எறங்கல, பாத்தா ஹேண்ட்போன்ல ஒரு எம்பி கூட எடம் இல்ல, எல்லாம் வீடியோ. பாதி வீடியோவ அழிச்சதும் படம் எல்லாம் வரிசையா எறங்குச்சு.

தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு பாருங்க. பழைய கம்ப்யூட்டர்ல மதர்போர்டு மேல வட்டமா ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அது தீந்துட்டா ஒவ்வொரு தடவ சுவிட்ச் ஆஃப் பண்ணும்போதும் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா சேர்வர் தான் யாருன்னு நிரூபிக்க காட்டற செர்டிஃபிகேட்ட கம்ப்யூட்டர் ஏத்துக்காது, எதையும் எறக்க விடாது. ஆனா முன்னாடி எறங்கி இருந்த எழுத்து ஸ்கிரீன்ல அப்படியே இருக்கும், அதனால பாக்கறவங்களுக்கு படம் மட்டும் போன மாதிரி தோணும். விண்டோஸ்ல டைம் சோன் கோலாலம்பூர், சிங்கப்பூர்னு இருக்கற யூடிசி பிளஸ் 8 தான் நமக்கு, தானா நேரம் வைக்கற சுவிட்ச ஆன் பண்ணிடுங்க, பேட்டரிய மாத்திடுங்க, சில வெள்ளிதான் ஆகும்.

அடுத்தது ஆட்பிளாக்கர். பிரவுசர்ல விளம்பரத்த தடுக்க நீங்க போட்டு வச்சிருக்கற எக்ஸ்டென்ஷன் சில நேரம் படம் இருக்கற விலாசத்தையும் விளம்பரம்னு நெனச்சி தடுத்துடும். இத கண்டுபிடிக்க இன்காக்னிட்டோ விண்டோ திறந்து பாருங்க, அதுல எக்ஸ்டென்ஷன் பொதுவா ஓடாது. அங்க தெரிஞ்சா உங்க எக்ஸ்டென்ஷன் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி எதுன்னு புடிங்க. படம் வர வேண்டிய எடம் முழுக்க கருப்பா, இல்ல உடைஞ்ச கோடு கோடா இருந்தா அது கிராஃபிக்ஸ் பிரச்சன, ஸ்லேக்ல அட்வான்ஸ்ட் செட்டிங்ல ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன டிசேபிள் பண்ணிட்டு ஆப்ப மூடி திறங்க, அதோட போயிடும்.

இப்ப ஆபிஸ் முழுக்க தெரியலன்னா என்ன பண்றது. இங்கதான் வழி ரெண்டுன்னு நான் மேல சொன்னது கைகொடுக்கும். ஃபயர்வால் (ஆபிஸ் நெட்வொர்க்குக்கு காவலா நின்னு எத உள்ள விடணும்னு பாக்கறது) போட்டவங்க சேட் ஆப்போட பேர மட்டும் அனுமதிச்சிட்டு, படம் இருக்கற சேர்வர ஃபைல் ஷேரிங் வகைன்னு தடுத்து வச்சிருப்பாங்க. ஸ்லேக்க எடுத்துக்கங்க, அது ஸ்லேக் டாட் காம் மட்டும் இல்ல, ஸ்லேக் ஃபைல்ஸ், ஸ்லேக் எட்ஜ், ஸ்லேக் இமேஜஸ்னு வேற வேற டொமைன்லயும் (சேர்வர் பேர்லயும்) ஓடுது. ஒண்ணு விட்டுப் போனாலும் எழுத்து வரும், படம் வராது, இல்ல புரொஃபைல் படம் மட்டும் வராது. அந்தந்த கம்பனி எந்தெந்த டொமைன திறந்து விடணும்னு ஒரு பட்டியல் வெளியிட்டிருப்பாங்க, அத முழுசா எடுத்து ஃபயர்வால் பாக்கறவங்ககிட்ட குடுக்கணும்.

எது தடுக்குதுன்னு கண்ணால பாக்கணும்னா பிரவுசர்ல எஃப் 12 அமுக்குங்க. பயமுறுத்தற மாதிரி ஒரு பக்கம் திறக்கும், விடுங்க, அதுல நெட்வொர்க்னு ஒரு டேப் இருக்கும், அத தட்டுங்க, அதுக்குள்ள இமேஜ்னு ஒரு ஃபில்டர் இருக்கும், அதையும் தட்டிட்டு பக்கத்த ஒரு தடவ ரீலோட் பண்ணுங்க. படம் ஒவ்வொண்ணும் ஒரு வரியா வரும், எறங்காதது செவப்புல நிக்கும். பக்கத்துல ஸ்டேட்டஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பர்தான் உங்களுக்கு வேணும். 200னா படம் எறங்கிடுச்சு, வரையறதுலதான் கோளாறு. 401, 403னா சேர்வர் உங்கள உள்ள விடல, லாகின் காலாவதி ஆகி இருக்கும் இல்ல உங்களுக்கு அந்த ஃபைல பாக்க அனுமதி இல்ல. 404னா படம் அந்த எடத்துல இல்லவே இல்ல. பிளாக்ட் பை கிளையன்ட்னு எழுதி இருந்தா சேர்வர் மேல தப்பு இல்ல, உங்க பிரவுசர்ல இருக்கற ஏதோ ஒண்ணுதான் தடுக்குது, பெரும்பாலும் ஆட்பிளாக்கர். மிக்ஸ்ட் கன்டென்ட்னு இருந்தா சேட் பூட்டு போட்ட ஹெச்டிடிபிஎஸ்ல ஓடுது, படம் மட்டும் பூட்டு இல்லாத பழைய ஹெச்டிடிபில இருக்கு, பிரவுசர் அத ஏத்துக்காது. இந்த ஒரு ஸ்கிரீன ஹேண்ட்போன்ல படம் புடிச்சி ஐடி ஆளுக்கு அனுப்புனா அவரு வேல பாதியா கொறஞ்சிடும், நான் அந்த எடத்துல இருந்து சொல்றேன்.

டிஎன்எஸ் பத்தியும் ஒண்ணு சொல்லணும், சேர்வர் பேர குடுத்தா அதோட நம்பர் விலாசத்த சொல்றதுதான் அது. 2024 செப்டம்பர்ல மலேசிய தகவல் தொடர்பு ஆணையம் எம்.சி.எம்.சி இங்க இருக்கற லைன் கம்பனிங்ககிட்ட வெளி டிஎன்எஸ்ஸுக்கு போறத எல்லாம் அவங்க சொந்த டிஎன்எஸ்ஸுக்கு திருப்ப சொன்னாங்க, எல்லாரும் சத்தம் போட்டதுல அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அத தொடர வேணாம்னு சொல்லிட்டாரு, அது முடிஞ்சி போன கதை. ஆனா டிஎன்எஸ்ஸ கையால மாத்தற பழக்கம் அந்த நேரத்துல நெறைய பேருக்கு வந்துச்சு, மாத்துனத திரும்ப எடுக்கவே இல்ல. உங்க கம்பனி சேட் சேர்வர் ஆபிஸுக்குள்ளயே இருந்தா அதோட பேரு வெளி டிஎன்எஸ்ஸுக்கு தெரியாது, கூகுளோட டிஎன்எஸ் 8.8.8.8 கிட்ட போயி கேட்டா அப்படி ஒருத்தர் இல்லன்னுதான் சொல்லும். எங்ககிட்டயே ஒரு லேப்டாப்ல இப்படி இருந்துச்சு, மத்தவங்களுக்கு எல்லாம் தெரியுது, அந்த தங்கச்சிக்கு மட்டும் படம் வரல. நெட்வொர்க் செட்டிங்ல டிஎன்எஸ்ஸ ஆட்டோமேட்டிக்னு மாத்துனதும் வந்துடுச்சு.

லைன் பத்தி ஒரே வார்த்த. சிக்னல் கோடு முழுசா இருந்தா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. தைப்பூசத்தன்னிக்கு தண்ணீர்மலை பக்கம் நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், நாலு கோடு இருக்கும், "எங்க இருக்க" ன்னு டைப் பண்ணா போகும், காவடி படம் ஒண்ணு அனுப்புனா சுத்திக்கிட்டே இருக்கும், அத்தன பேரும் ஒரே டவர இழுக்கறாங்க. எழுத்துக்கு ஒரு கேபி கூட ஆகாது, ஹேண்ட்போன் படம் ஒண்ணு சாதாரணமா 3, 4 எம்பி இருக்கும். கோல்ட் ரூம், கன்டெய்னர் உள்ள, பேஸ்மெண்ட் கார்பார்க் எல்லாம் இதே கதைதான். டிரைவருங்களுக்கு நான் சொல்றது, உள்ள நின்னு அனுப்பாதீங்க, வெளிய வந்து அனுப்புங்க, ஏறி முடியற வரைக்கும் ஆப்ப மூடாதீங்க.

சரி, யாருக்குமே தெரியல, இல்ல பாதி பேருக்கு தெரியுது பாதி பேருக்கு தெரியலன்னா, இப்ப அந்த படத்தையே பாக்கணும். அக்கா கேஸ் இங்கதான் மாட்டுச்சு. பாஸ் ஐஃபோன்ல பாத்தாரு, அக்கா விண்டோஸ்ல பாத்தாங்க, அந்த டிரைவர் அண்ணன் அதுக்கு முந்தின வாரம்தான் செகண்ட் ஹேண்ட் ஐஃபோன் ஒண்ணு வாங்கி இருந்தாரு. ஐஃபோன் 2017ல வந்த ஐஓஎஸ் 11ல இருந்து படத்த ஜேபெக்கா (ஃபைல் பேரு ஜேபிஜின்னு முடியற வழக்கமான வடிவம்) வைக்காம ஹெச்இஐசிங்கற வடிவத்துல வைக்குது, எடம் கொறச்சலா புடிக்கும், ஆப்பிள் மிஷின்ல எல்லாம் சுத்தமா தெரியும். விண்டோஸ்ல அதுக்கு தனியா ஒரு எக்ஸ்டென்ஷன் வேணும், குரோம் பிரவுசர் அத காட்டவே காட்டாது. சில சேட் ஆப் அனுப்பும்போதே ஜேபெக்கா மாத்திடும், சிலது மாத்தாது, ஃபைலா அட்டாச் பண்ணா பெரும்பாலும் மாறாம அப்படியே போகும். எங்க ஆப் மாத்தல.

இதுல இன்னொரு சிக்கல், யாரோ நல்லது பண்றதா நெனச்சி அந்த அண்ணனுக்கு ஃபைல் பேர்ல கடைசில இருக்கறத ஜேபிஜின்னு மாத்தி அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க. அவரும் மாத்தி அனுப்புனாரு, அதனால நான் பாக்கும்போது பேரு ஜேபிஜி, அதான் எனக்கு சந்தேகமே வரல. பேர மாத்துனா படம் மாறாது, தே தாரேக் டம்ளர்ல கோப்பி ஊத்துனா அது தே ஆகாது. உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஒரு எளிய வழி இருக்கு. ஃபைல கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணுங்க, ஒரு காப்பி எடுங்க, அந்த காப்பிய நோட்பேட்ல திறங்க. புரியாத கிறுக்கலா கொட்டும், அதுல மொத வரிய மட்டும் பாருங்க. ஆரம்பத்துலயே பி, என், ஜினு மூணு எழுத்து தெரிஞ்சா அது உண்மையான பிஎன்ஜி. ஜே, எஃப், ஐ, எஃப்னு நாலு எழுத்தோ எக்ஸிஃப்ங்கற வார்த்தையோ தெரிஞ்சா ஜேபெக். டபிள்யூ, இ, பி, பினு நாலு எழுத்து இருந்தா அது வெப்பிங்கற இன்னொரு பட வடிவம், பழைய ஆப்ல அது தெரியாம போகலாம். எஃப், டி, ஒய், பி, அதுக்கு ஒட்டுன மாதிரி ஹெச், இ, ஐ, சின்னு இருந்தா, பேரு என்னவா இருந்தாலும் அது ஐஃபோன் ஹெச்இஐசி. அக்கா படத்துல அன்னிக்கு அதுதான் இருந்துச்சு. டாக்டைப் ஹெச்டிஎம்எல்னு ஆரம்பிச்சா அது படமே இல்ல, ஏதோ ஒரு லாகின் பக்கத்த படம்னு பேரு வச்சி சேவ் பண்ணி இருக்காங்க. பாத்து முடிச்சதும் நோட்பேட மூடுங்க, சேவ் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க, சேவ் பண்ணா ஃபைல் கெட்டுடும், அதுக்குதான் காப்பி எடுக்க சொன்னேன்.

இதுக்கு தீர்வு அனுப்பறவரு பக்கம். ஐஃபோன் செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மேட்ஸ், அதுல மோஸ்ட் கம்பேட்டிபிள்னு தட்டிடுங்க, அதுக்கப்புறம் எடுக்கற படம் எல்லாம் ஜேபெக்கா வரும். ஏற்கனவே எடுத்தது மாறாது, கவனிங்க. சாம்சங்லயும் கேமரா செட்டிங்ல ஹை எஃபிஷியன்சி பிக்சர்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அத ஆஃப் பண்ணுங்க. பழைய படம் அவசரமா வேணும்னா ஹேண்ட்போன்ல அந்த படத்த திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம், ஆனா டி.ஓவ முழுசா ஒரே ஸ்கிரீன்ஷாட் எடுத்தா சாப்புல இருக்கற தேதி மங்கிடும், அந்த எடத்த பெருசாக்கி இன்னொண்ணு எடுங்க. வாங்கறவங்க பக்கம்னா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்னு காசு இல்லாம கெடைக்கும். சில மிஷின்ல அதோட ஹெச்இவிசின்னு காசு குடுத்து வாங்கற ஒண்ணும் கேக்கும், அதனாலதான் அம்பது டிரைவர் இருக்கற எடத்துல கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரா போறத விட ஹேண்ட்போன் செட்டிங்க மாத்தறதே நல்லதுன்னு நான் சொல்வேன்.

பழைய படம் மட்டும் தெரியல, புதுசு நல்லா வருதுன்னா அது கோளாறா இருக்காது, காலக்கெடுவா இருக்கும். காசு கட்டாத ஸ்லேக்ல 90 நாளுக்கு மேல ஆன மெசேஜும் ஃபைலும் மறைஞ்சிடும், 2024 ஆகஸ்ட் கடைசில இருந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆனத அவங்க அழிக்கவும் ஆரம்பிச்சிட்டாங்க. வாட்ஸ்அப்ல வந்த படத்த ரொம்ப நாள் தட்டி எறக்காம விட்டுட்டா அப்புறம் சேர்வர்ல இருக்காது, அனுப்புனவரதான் மறுபடி கேக்கணும். டீம்ஸ்ல இன்னும் நுணுக்கமா ஒண்ணு இருக்கு. தனி சேட்ல நீங்க ஃபைலா அட்டாச் பண்ற படம் சேட்டுக்குள்ள இல்ல, அது உங்க ஒன்டிரைவ்ல ஒரு ஃபோல்டர்ல உக்காந்திருக்கு, சேனல்ல போட்டா ஷேர்பாயிண்ட்ல இருக்கும். வேலைய விட்டு போனவரோட அக்கவுண்ட்ட அழிச்சா, வேற ஏற்பாடு எதுவும் பண்ணி வைக்கலன்னா, அவரு ஒன்டிரைவ் 30 நாளைக்கு இருக்கும், அப்புறம் போயிடும், அவரு அனுப்புன படம் எல்லாம் மத்தவங்க சேட்லயும் உடைஞ்சிடும். கஸ்டமர் தகராறு வந்தா காட்ட வேண்டிய டி.ஓ படம் அது. ஹெச்ஆர்ல இருக்கறவங்க யாராவது இத படிச்சா, அக்கவுண்ட்ட மூடறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர வேற எடத்துக்கு மாத்த சொல்லிடுங்க, கெஞ்சி கேக்கறேன்.

சேட்ல யாராவது லிங்க் போட்டு அதோட சின்ன படம் வரலன்னா அது வேற கணக்கு. அந்த சின்ன படத்த எடுத்துட்டு வர்றது பெரும்பாலும் உங்க கம்ப்யூட்டர் இல்ல, சேட் கம்பனியோட சேர்வர். ஆபிஸுக்குள்ள இருக்கற சிசிடிவி பக்கம், 192.168ன்னு ஆரம்பிக்கற விலாசம், லாகின் கேக்கற பக்கம் இதுக்கெல்லாம் வெளிய இருக்கற அந்த சேர்வரால உள்ள வர முடியாது. லிங்க தட்டி நீங்க பாக்கலாம், முன்னோட்டம் வராது, அது அப்படித்தான்.

மேட்டர்மோஸ்ட், ராக்கெட்சேட் மாதிரி சொந்த சேர்வர்ல சேட் வச்சிருக்கற ஐடி தம்பிங்களுக்கு இது. சின்ன ஸ்கிரீன்ஷாட் போகுது, ஹேண்ட்போன் படம் போகலன்னா மொதல்ல என்ஜின்எக்ஸ பாருங்க, அது எதுவும் சொல்லலன்னா 1 எம்பிக்கு மேல வாங்காது, 413னு திருப்பி அனுப்பிடும், கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்ங்கற வரிய சேட் ஆப்ல வச்சிருக்கற அளவுக்கு ஏத்துங்க. மேட்டர்மோஸ்ட்ல எம்பி அளவு மட்டும் இல்ல, பிக்சல் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு இருக்கு, அதுவா வர்றது 33,177,600, அதாவது 8கே ஸ்கிரீன் அளவு. புது ஃபோன்ல 48 மெகாபிக்சல்னு வச்சி எடுத்தா படம் 8064க்கு 6048, கிட்டத்தட்ட நாலு கோடியே எம்பத்தெட்டு லட்சம் பிக்சல், வரம்ப தாண்டிடுச்சு. டி.ஓ பேப்பருக்கு 12 மெகாபிக்சல் தாராளம். சைட் யூஆர்எல் ஹெச்டிடிபிஎஸோட சரியா இருக்கான்னு பாருங்க. டாக்கர்ல ஓடற மேட்டர்மோஸ்ட்ட வேற சேர்வருக்கு மாத்துன பிறகு பழைய படம் எல்லாம் உடைஞ்சா, டேட்டா ஃபோல்டர் முழுசா வந்துச்சா, அதோட உரிமை யூசர் 2000 கிட்ட இருக்கான்னு பாருங்க, ரூட்டுன்னு இருந்தா ஆப்பால படிக்க முடியாது. டேட்டாபேஸ மட்டும் மாத்திட்டு ஃபைல் ஃபோல்டர மறந்தவங்க நெறைய பேரு, எழுத்து எல்லாம் இருக்கும், படம் ஒண்ணு கூட இருக்காது.

இவ்ளோ பாத்தும் தீரலன்னா ஐடி ஆள கூப்பிடுங்க, ஆனா "படம் வரல" ன்னு ரெண்டு வார்த்த மட்டும் போடாதீங்க. இப்படி போடுங்க:

"அண்ணே, காலைல 10:15க்கு ஆபரேஷன் குரூப்ல வந்த டி.ஓ படம் எனக்கும் பக்கத்து மேசைக்கும் தெரியல, ரெண்டு பேரும் விண்டோஸ், ஆபிஸ் வைஃபை. வீட்ல இருந்து வேல செய்யற தங்கச்சிக்கு தெரியுது. ஹாட்ஸ்பாட்ல போட்டா எனக்கும் தெரியுது. நேத்து வந்த படம் எல்லாம் சரியா இருக்கு. ஸ்கிரீன ஈமெயில்ல அனுப்பி இருக்கேன்."

இத படிச்ச ஒடனே நான் உங்க மேசைக்கு வர மாட்டேன், நேரா ஃபயர்வாலுக்கு போவேன், நேத்து ராத்திரி யாரு எத மாத்துனாங்கன்னு பாப்பேன். ஸ்கிரீன்ஷாட்ட ஈமெயில்ல அனுப்புனது முக்கியம், படம் போகாத சேட்லயே அத அனுப்புனா எனக்கும் அதே சாம்பல் கட்டம்தான் வரும்.

சரியாகற வரைக்கும் டிரைவருங்கள மறுபடி மறுபடி அனுப்ப சொல்லாதீங்க, அது அவங்க டேட்டா, அவங்க காசு. ஒரு தடவ வேற வழியா, ஈமெயில்லயோ வேற ஆப்லயோ அனுப்ப சொல்லுங்க, டி.ஓ நம்பரையும் எறக்குன நேரத்தையும் கையால டைப் பண்ணி போட சொல்லுங்க, எழுத்துதான் போகுதே. எங்க எடத்துல இப்ப ஒரு பழக்கம் வச்சிருக்கோம், ஒவ்வொரு படத்துக்கும் கீழ அக்கா அந்த டி.ஓ நம்பர போட்டு "கெடச்சிச்சு அண்ணே" ன்னு எழுதுவாங்க, அத பாத்ததுக்கு அப்புறம்தான் டிரைவரு கேலரில இருந்து படத்த அழிப்பாரு.